எண்பது சென்ட் வேலிகாத்தான்

உங்கள் ஸ்டேஷன் பின்சுவரை ஒட்டி, பறிமுதல் செய்த வண்டிகள் நிற்கிற இடத்தில், மூன்று சீமைக்கருவேலங் கன்றுகள் முளைத்திருக்கின்றன, மேடம். முழங்கால் உயரம்தான். இப்போது கையால் பிடுங்கிவிடலாம். அடுத்த ஆண்டு கடப்பாரை வேண்டும். அதற்கடுத்த ஆண்டு ஜேசிபி வேண்டும். என்னை உட்காரச் சொல்லிவிட்டு நீங்கள் வெளியே போயிருந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்த்ததைச் சொல்லாமல் இருக்க எனக்கு வராது.

பெயர் ராஜசேகரன். வயது ஐம்பத்தேழு. பிறந்தது சாத்தூர்ப் பக்கம். சென்னைக்கு வந்து இருபத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்கிற ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்து, அந்தப் பிரிவுக்கே தலைவராகி, விருப்ப ஓய்வு வாங்கினேன். குமணன்சாவடியில் ஃபிளாட். மனைவி சுலோசனா. இதெல்லாம் ஜூன் மாதம் நீங்கள் வாங்கிய வாக்குமூலத்தில் இருக்கிறது. அதில் பிழை இல்லை. பிழை மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. அதைத் திருத்த வந்திருக்கிறேன். யாரும் கூப்பிட்டு வரவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

நிலத்திலிருந்து தொடங்குகிறேன். திருமழிசையில் தொழிற்பேட்டை ஷெட்டுகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் எண்பது சென்ட். வாங்கும்போது அது நிலம் என்று சொல்ல முடியாது. முப்பது ஆண்டுகள் யாரும் உள்ளே போகவில்லை. வேலி முதல் வேலி வரை சீமைக்கருவேலம். எங்கள் ஊரில் கருவை என்போம். இங்கே அதற்கு வேலிகாத்தான் என்று பெயர். அழிக்க வேண்டிய ஒரு மரத்துக்கு இவ்வளவு மரியாதையான பெயரா என்று எனக்கு அப்போதே தோன்றியது.

அதை முழுவதும் எடுத்துவிட்டு நாட்டு மரங்கள் நட வேண்டும் என்பது என் திட்டம். எங்கள் குடியிருப்பில் நிவேதிதா என்று ஒரு பெண், மென்பொருள் கம்பெனியில் வேலை. அவர் ஒரு குழு சேர்த்தார். முதல் மழைக்கு நாற்பது குடும்பங்கள் வந்து நானூறு கன்றுகள் நடுவதாக ஏற்பாடு. நிலத்தில் ஒரு வேலிகாத்தான் கூட இல்லாமல் ஒப்படைப்பேன் என்று நான் எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். ஒன்று கூட என்று சொன்னால் எனக்கு ஒன்று கூட என்றுதான் அர்த்தம்.

தமிழ்வாணன் என்பவர் ரம்பத்தோடு ஆட்களை அழைத்து வந்தார். இரண்டாம் நாள் வேலை நடக்கும்போதுதான் கன்னியம்மாளை முதலில் பார்த்தேன். பக்கத்து ஓட்டு வீடு அவருடையது. அறுபது வயதிருக்கும். கையில் தொரட்டி, பின்னால் பதினோரு ஆடுகள்.

"இன்னா சார், மொத்தத்தையும் மொட்ட அடிக்கிற? ஆட்டுக்கு நெழலு வாணாமா?"

"இது நம்ம நாட்டு மரம் இல்லம்மா. வெளிய இருந்து வந்தது. தண்ணிய உறிஞ்சிடும்" என்றேன்.

"வெளிய இருந்து வந்ததா? நீ எந்த ஊரு சார்?"

"சாத்தூர்."

"பாத்தியா. அதுவும் அந்தாண்டருந்துதான் வந்திருக்கும்."

தமிழ்வாணன் ரம்பத்தை அணைத்துவிட்டுச் சிரித்தார். ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கோபத்தில் நடந்ததாக வக்கீல் யாராவது சொல்வார், அது சரியில்லை.

மேற்கு எல்லை ஓரமாக நின்ற சில மரங்களைத் தவிர, ஏழு வாரத்தில் முழுவதும் வெட்டி, தூரில் மருந்து பூசி முடித்தோம். நிலம் வெட்டவெளியானது. கிழக்கு மூலையிலும் ஒரு வட்டமான புதர் மிச்சம் இருந்தது. தண்டு ஒவ்வொன்றும் தொடை பருமன். பின்னிக்கொண்டு நின்றன. அதை ஜேசிபி வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று தமிழ்வாணன் சொன்னார். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

மார்கழி கடைசியில் ஒரு நாள் காலை போய்ப் பார்த்தால், நிலத்தின் குறுக்கே பச்சையாக ஒரு கோடு. தெற்கு வேலியிலிருந்து வடக்கே தாங்கல் என்கிற சிறிய ஏரிப் பக்கம் இருக்கிற வேலி வரைக்கும், நூல் பிடித்த மாதிரி கன்றுகள். உட்கார்ந்து எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டு.

எங்கள் கம்பெனியில் ஒரு முறை உண்டு, மேடம். ஒரு குறை வந்தால் ஐந்து தடவை 'ஏன்' கேட்க வேண்டும். வால்வு கசிகிறது. ஏன்? சீல் தேய்ந்துவிட்டது. ஏன்? தூசி போகிறது. இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் ஐந்தாவது பதிலில் மூலகாரணம் நிற்கும். அதைச் சரிசெய்தால் மற்ற நான்கும் தானே அடங்கும். இந்த முறைக்கு ஒரே ஒரு விதி. பதிலில் ஆள் பெயர் வரக் கூடாது. பெயர் வந்தால் நீங்கள் பாதியில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதை நானே வகுப்பு எடுத்திருக்கிறேன்.

அன்று வரப்பில் உட்கார்ந்து கேட்டேன். கன்று முளைக்கிறது. ஏன்? விதை விழுகிறது. ஏன்? ஆட்டுப் புழுக்கையில் வருகிறது. ஆட்டின் வயிற்றுக்குள் போய் வந்தால் அந்த விதை இன்னும் சுலபமாக முளைக்கும். ஏன் என் நிலத்தில்? ஆடுகள் வெளியே எங்கோ நெற்று தின்றுவிட்டு என் நிலத்தின் குறுக்கே தாங்கலுக்குத் தண்ணீர் குடிக்கப் போகின்றன. ஏன்? கன்னியம்மாள் என் வேலிக் கம்பியைத் தொரட்டியால் தூக்கிவிட்டு ஓட்டிக்கொண்டு போகிறார்.

அங்கே நிறுத்திவிட்டேன். நான்காவது ஏன். இருபத்தொன்பது ஆண்டுகளில் நான் செய்த தவறு இது ஒன்றுதான்.

அவரிடம் போய்ப் பேசினேன். முறையாகத்தான் பேசினேன்.

"என் ஆடு வெளிக்குப் போறதுக்கு உன்னாண்ட பர்மிசன் வாங்கணுமா சார்? நான் சொன்னா அத்து கேக்குமா?"

"ஆடுகள வித்துடுங்கம்மா. நல்ல ஆளா நானே பாத்துத் தரேன்."

"வித்துட்டு? உன்ன மேய்க்கவா?"

அவருடைய மகன் டில்லிபாபு தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் பார்க்கிறவர். தூக்கக் கலக்கத்தோடு வாசலில் உட்கார்ந்திருந்தவர், "ம்மா, சார்கிட்ட எதுக்கு வாய் குடுக்குற" என்றார். பிறகு என்னிடம், "அவங்க அப்படித்தான் சார். மனசுல ஒண்ணும் இல்ல" என்றார். அது உண்மை. அந்த அம்மா மனசில் ஒன்றும் இருக்கவில்லை. மறுநாள் எனக்கு ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தார். அன்று சாயங்காலம் மறுபடி கம்பியைத் தூக்கினார்.

கம்பியை இரண்டடுக்கு ஆக்கினேன். தொரட்டி இரண்டடுக்கையும் தூக்கியது. ஊராட்சியில் எழுதிக் கொடுத்தேன். ஆட்டுக்கு என்ன தெரியும் என்றார்கள். மாசி, பங்குனி முழுவதும் கன்றுகளைப் பிடுங்கினேன். முதுகு போயிற்று. பிடுங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்தது முளைத்தது. குழுவில் நிவேதிதா தேதி குறித்துவிட்டார்; ஜூன் மூன்றாவது ஞாயிறு. சுலோசனா, "ஒண்ணு ரெண்டு இருந்தா என்னங்க, யாரு பாக்கப் போறா" என்றாள். முப்பது ஆண்டு என்னோடு வாழ்ந்தவள்.

மே மாதம் அந்தக் கிழக்கு மூலைப் புதரை எடுக்க ஜேசிபி வரவழைத்தேன். ஓட்டுநர் கிருபாகரன். நிதானமான ஆள், சொன்ன அளவுக்கு மேல் ஒரு பிடி மண் எடுக்க மாட்டார். புதர் பெயர்ந்ததும் உள்ளே கிணறு. கல் கட்டிய பழைய தரைக்கிணறு. ஒரு பக்கம் கைப்பிடிச் சுவர் அரையடி நின்றது, மற்ற மூன்று பக்கமும் இல்லை. நாற்பதடி ஆழத்தில் சேறு மின்னியது.

கன்னியம்மாள் ஓடி வந்துவிட்டார். ஆட்டை விட்டுவிட்டு வந்தார்.

"சார், இத்த மொதல்ல மூடு. இதுக்கோசரம்தான் இந்த எடத்துல வேலிகாத்தான வுட்டு வச்சிருந்தோம். ஒரு பசு மாடு உழுந்துச்சு, அப்பால ஒரு குடிகாரன் உழுந்தான். ஊர்ல பேசி, சுத்தியும் வெதையப் போட்டு வுட்டோம். முள்ளு ஏறிச்சு, ஒருத்தனும் கிட்ட போவல. ஒரு நாளு கூடத் தொறந்து வைக்காத, சொல்டேன்."

அந்தப் பெயருக்கு அன்றுதான் எனக்கு அர்த்தம் புரிந்தது. சோம்பேறித்தனம் என்று நான் நினைத்திருந்தது காவல். அந்தக் கிணற்றுக்கு அவர்கள் வேலி வைத்திருந்தார்கள். நான் அதை எடுத்துவிட்டேன்.

"நாளைக்கே மூடிடறேன்மா" என்றேன். அந்த நிமிடம் மூடும் எண்ணத்தில்தான் சொன்னேன். பிறகுதான் மாறியது. எப்போது என்று நீங்கள் கேட்டால், அவர் திரும்பிப் போகும்போது கம்பியைத் தூக்கினார், அப்போது.

கிருபாகரனிடம் நான் சொன்ன வார்த்தைகள் இவை: "கைப்பிடிச் சுவரை இடித்து மேல்மட்டம் சமன் செய்துவிட்டுப் போங்கள். கிணற்றை நான் ஆள் வைத்து நிரப்பிக்கொள்கிறேன்." அவர் "ஓரமா ஒரு கயிறாவது கட்டுங்க சார்" என்றார். சரி என்றேன். வாக்குமூலத்தின் மூன்றாம் பக்கத்தில், கிணற்றை மண் போட்டு நிரப்பும்படி கிருபாகரனிடம் சொன்னதாகவும், அவர் செய்யாமல் ஏமாற்றிவிட்டதாகவும் இருக்கிறது. அதுதான் நான் சொன்ன பிழை. அவர் இப்போது ஜாமீனில் வந்து வாரம் ஒரு நாள் இதே பெஞ்சில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறார் என்று கேள்விப்பட்டேன். நல்ல வேலை செய்தவர்மேல் ரிஜெக்ட் சீட்டு ஒட்டக் கூடாது.

அடுத்த இரண்டு நாள் தமிழ்வாணன் ஆட்களுக்கு விடுமுறை சொன்னேன். வெட்டிப்போட்ட வேலிகாத்தான் கிளைகளில் மெலிந்தவையாகப் பொறுக்கி, கிணற்றின் வாய்க்குக் குறுக்கே பரப்பினேன். முள்ளைச் சீவிவிட்டேன். மேலே சாக்கு, அதன் மேல் மண். தூரத்திலிருந்து பார்த்தால் நிரப்பிய கிணறு. கிட்டத்திலிருந்து பார்த்தாலும் நிரப்பிய கிணறுதான். நான் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்ததில்லை.

கன்னியம்மாளைக் கூப்பிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்துக் காட்டினேன்.

"ஜேசிபிக்காரர் மூடிட்டாரும்மா."

"மெய்யாலுமா? அடேங்கப்பா, நல்லா ஜோரா மூடிகிறானே." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தினி வருசமா எனுக்கு அதே பயம் சார். ராவுல ஆடு கத்துனாக்கூட அந்தக் கெணறுதான் நெனப்பு வரும். நீ நல்லா இருப்ப."

ஜூன் இரண்டாவது வியாழக்கிழமை. நெற்று பழுத்து உதிர்கிற காலம். எல்லைக்கு வெளியே நின்ற மரங்களிலிருந்து மஞ்சள் நெற்றாக மூன்று கூடை பொறுக்கி, நிலத்தில் ஒரு இடத்தில் குவித்தேன். வேலியிலிருந்து நேராக நடந்தால் கிணற்றைக் கடந்துதான் அந்தக் குவியலுக்குப் போக வேண்டும். மதியம் அவர் வீட்டு வாசலில் நின்று சொன்னேன்.

"ஆட்டுக்கு நெத்து சேர்த்து வச்சிருக்கேன்மா. சாக்கு கொண்டாந்து அள்ளிக்கிங்க. ஆடு மட்டும் உள்ள வர வேணாம்."

"இன்னா சார், அதிசயமா கீது. வெதை பரவும் வெதை பரவும்னு சொல்லிகினு இருந்த?"

"இதுதாம்மா கடைசி."

"நான்தான் டில்லியாண்ட சொன்னேன். சார் மொறைப்பாரு, ஆனா மனசு வெல்லம்னு."

ஆடுகளைத் தொழுவத்தில் அடைத்துவிட்டு, சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். என் சொல்லை மதித்து ஆடு ஒன்றைக்கூட அழைத்து வரவில்லை. மூன்று மணி பத்து நிமிடம். நான் மேற்கு மூலையில் இருந்தேன். அங்கே எல்லை ஓரமாகப் பதினேழு மரம் பாக்கி இருந்தது. அப்போதுதான் வெட்டி முடித்திருந்தேன். அவர் கம்பியைத் தூக்கியதைப் பார்த்தேன். பிறகு குனிந்துகொண்டேன். சத்தம் பெரிதாக இல்லை. கிளை முறிகிற சத்தம்தான். அது எனக்கு ஒரு ஆண்டாகப் பழகின சத்தம்.

முந்தின நாள் காலையிலேயே இரட்டை ஷிப்டுக்குப் போயிருந்த டில்லிபாபு, மறுநாள் காலை வந்து தேடினார். தீயணைப்பு வண்டி வந்தது. அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். டில்லிபாபு கிருபாகரன் சட்டையைப் பிடித்ததை நான்தான் விலக்கிவிட்டேன்.

கன்று நடும் நாளை இரண்டு வாரம் தள்ளிவைத்தோம். நிவேதிதா அழுதார். முதல் கன்றை அந்த அம்மா பெயரில் நடலாம் என்று நான் சொன்னேன். புங்கன். குழியை நானே வெட்டினேன். டில்லிபாபு வந்து தண்ணீர் ஊற்றினார். அன்றுதான் அவர் சொன்னார்: தாங்கலுக்குப் போக அவர்களுக்கு ஒரு வண்டிப்பாதை இருந்ததாம். ஏதோ ஒரு ஷெட்காரர் சுவர் கட்டி அதை மறித்துவிட்டாராம். "இல்லன்னா அம்மா உங்க நெலத்துக்குள்ள கால் வச்சிருக்காது சார். ரோட்டுல சுத்திப் போனா லாரி. போன வருசம் ரெண்டு ஆட்ட அடிச்சிட்டான். அதான்."

அது ஐந்தாவது ஏன். ஒரு கேள்வி தூரத்தில் இருந்தது. வேலியோரமாக மூன்றடிப் பாதை விட்டு ஒரு கதவு வைத்திருந்தால் போதும். பொருள் என்னிடமே இருந்தது.

அப்போதும் நான் இங்கே வரவில்லை. மறைக்க மாட்டேன். நடந்தது நடந்துவிட்டது, குறை தீர்ந்தது என்றுதான் இருந்தேன். டில்லிபாபு ஆடுகளை விற்றுவிட்டார். கம்பியை யாரும் தூக்கவில்லை. ஆடி மழை நன்றாகப் பெய்தது. போன செவ்வாய்க்கிழமை நிலத்துக்குப் போனேன்.

புங்கன் கன்றைச் சுற்றி வேலிகாத்தான் முளைத்திருந்தது. அந்தப் பழைய கோட்டில் மட்டுமில்லை, நிலம் முழுவதும். ஆடு காலே வைக்காத இடத்திலெல்லாம். எண்ணத் தொடங்கி, நானூறைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன். தமிழ்வாணனுக்குப் போன் செய்தேன். "அத்து இன்னா சார், மண்ணுக்குள்ள பத்து வருசம் படுத்துகினு இருக்கும். மழ வந்தா எழுந்துக்கும். ஆடு இல்லன்னாலும் வரும்" என்றார். "மொதல்லயே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார்.

நடவடிக்கை எடுத்த பிறகும் குறை திரும்ப வந்தால், காரணம் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் தொழிலில் அதுதான் நேர்மை. அதற்காகத்தான் வந்தேன். கன்னியம்மாள் காரணம் இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொரு கேள்வி ஜூன் மாதத்தில் நீங்கள் கேட்டீர்கள்: கூப்பிட்ட சத்தம் ஏதாவது கேட்டதா என்று. ரம்பத்தின் இரைச்சலில் கேட்கவில்லை என்று சொன்னேன். அதுவும் திருத்தப்பட வேண்டும். அந்த நேரத்தில் ரம்பம் ஓடவில்லை.

வெட்டின தூரில் ஈரம் காய்வதற்குள் மருந்து பூச வேண்டும், தாமதமானால் துளிர்த்துவிடும். பதினேழு தூர் இருந்தது. ஒவ்வொன்றாகப் பூசினேன். அதற்குள் சுலோசனா போன் செய்தாள், வரும்போது கறிவேப்பிலை வாங்கி வரச் சொல்லி. சரி என்றேன். பூசி முடித்து, கையைக் கழுவிவிட்டு, கிணற்றுப் பக்கம் நடந்தேன். மூன்றே முக்கால் இருக்கும். சருகில் என் கால் சத்தம் கேட்டிருக்க வேண்டும். உள்ளேயிருந்து குரல் வந்தது. இடுப்பு ஒடிந்திருந்தது என்று அறிக்கையில் இருக்கிறது. ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

என்னைக் காப்பாற்று என்று அவர் சொல்லவில்லை, மேடம்.

"சார்... சார், அங்கியே நில்லு. இந்தாண்ட வராத. அந்த ஜேசிபிக்காரன் உன்ன ஏமாத்திட்டான் சார். கெணத்த மூடல. மேலாக்க வேலிகாத்தான போட்டு மண்ணத் தூவி வச்சிகிறான். கால வச்சிடாத, உழுந்துடுவ."

நான் விளிம்பு வரைக்கும் போய், குனிந்து பார்த்தேன். அவர் முகம் மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியும்மா" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் ஒரு தடவை கூடக் கூப்பிடவில்லை.